கணிப்பொறி சொன்னால் முடிந்ததா?

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓர் அம்மாளுக்குத் துணையாகச் சித்தூரில் ஓர் அலுவலகத்திற்குப் போயிருந்தேன். விதவை ஓய்வூதிய விஷயம். அந்த அம்மாளுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பெயர் நல்ல தமிழ்ப் பெயர், நடுவில் ழகரம் வரும் பெயர். ஆதார் அட்டையில் ஒரு விதமாகவும், வங்கிப் புத்தகத்தில் இன்னொரு விதமாகவும், குடும்ப அட்டையில் தெலுங்கில் மூன்றாவது விதமாகவும் அந்தப் பெயர் இருந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த இளைஞர் கணிப்பொறியைப் பார்த்தார், அம்மாளைப் பார்த்தார், மறுபடியும் கணிப்பொறியைப் பார்த்தார். "சிஸ்டம் தீசுகோவடம் லேதம்மா" என்றார். சிஸ்டம் எடுத்துக்கொள்ளவில்லையாம்.

ஏன் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. யாரைக் கேட்கலாம் என்றேன். அதுவும் அவருக்குத் தெரியவில்லை. மரியாதையாகத்தான் பேசினார், அவர்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். மூன்றாம் முறை போனபோது உள்ளே இருந்த வயதான அதிகாரி ஒருவர் எழுந்து வந்தார். பழைய காகிதங்களை வாங்கிப் புரட்டினார். அம்மாளிடம் இரண்டு வார்த்தை பேசினார். மூன்று பெயரும் ஒருவருடையதே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதம் பணம் வந்துவிட்டது.

அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

செயற்கை நுண்ணறிவு என்றவுடன், பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் கைப்பேசியில் கேள்வி கேட்டுப் பதில் வாங்குகிறார்களே, அதுதான் நமக்கு நினைவுக்கு வருகிறது. நான் பேச வந்தது அதைப் பற்றியன்று. நாம் கேட்காமலே நம்மைப் பற்றி முடிவு சொல்லும் இயந்திரங்களைப் பற்றி. இவர் யார், இவருக்கு அரிசி உண்டா, இவரைச் சந்தேகிக்க வேண்டுமா என்றெல்லாம் இன்று உலகமெங்கும் கணிப்பொறியிடம் கேட்கிறார்கள். அந்த உலகத்தில் நம் ஊரும் அடக்கம்.

முதலில் திருமலையைப் பார்ப்போம். நாளொன்றுக்கு அறுபதாயிரம், எழுபதாயிரம் பேர் வந்து போகும் மலை. 2023 மார்ச் முதல் தேதியிலிருந்து தேவஸ்தானம் முகம் அறியும் கணிப்பொறி முறையைச் சோதனையாகக் கொண்டுவந்தது. டோக்கன் இல்லாத தரிசனத்திலும் அறை ஒதுக்கீட்டிலும் அது வந்தது. ஒரே ஆள் பல முறை டோக்கன் வாங்குவதையும் தரகர்கள் அறைகளை வளைத்துப் போடுவதையும் தடுப்பது நோக்கம். தரகர்களிடம் ஏமாந்தவர்கள் நம்மில் பலர் உண்டு. எனவே நோக்கம் தவறென்று நான் சொல்லவில்லை. பிறகு 2025 செப்டம்பர் 25 அன்று, வெளிநாடுவாழ் இந்தியர்களின் நன்கொடையில் அமைந்த செயற்கை நுண்ணறிவுக் கட்டுப்பாட்டு மையத்தை வைகுண்டம் வரிசை வளாகத்தில் முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு திறந்து வைத்தார். கூட்டம் எங்கே எவ்வளவு சேர்கிறது, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேமராக்களைக் கொண்டு கணிப்பதும், காணாமற்போனவர்களையும் திருடர்களையும் முகத்தால் கண்டுபிடிப்பதும் அதன் வேலைகள்.

இது வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2025 ஜனவரி 8 அன்று இரவு திருப்பதியில் நடந்ததை நாம் மறக்க முடியாது. வைகுண்ட துவார தரிசன டோக்கனுக்காகக் காத்திருந்த கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 6 பேர் உயிரிழந்தார்கள். நாற்பது பேர் அளவில் காயமடைந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவரும் இறந்தவர்களில் உண்டு. உடல் நலமில்லாத ஒருவரை வெளியே கொண்டுவரக் கதவைத் திறந்ததும், டோக்கன் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று நினைத்துக் கூட்டம் முண்டியடித்தது என்று அப்போது செய்திகள் வந்தன. தலைகளை எண்ணி, "இந்த இடம் நிரம்பிவிட்டது, இனி ஆபத்து" என்று முன்கூட்டியே ஓர் இயந்திரம் எச்சரிக்குமானால் அதை வரவேற்கத்தான் வேண்டும்.

ஆனால் இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தலையை எண்ணுவது வேறு, முகத்தை அறிவது வேறு. கூட்டத்தை அளக்க யார் யார் வந்திருக்கிறார்கள் என்ற விவரம் தேவையில்லை. எத்தனை பேர் என்று தெரிந்தால் போதும். முகத்தை அறிவது அப்படியன்று. அது ஒவ்வொருவரின் முகத்தையும் அளந்து எண்களாக்கி, ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் முகங்களோடு ஒப்பிடுகிறது. முதலாவது பாதுகாப்பு. இரண்டாவது அடையாளம். இரண்டையும் ஒரே பெயரில் ஒரே அறையில் வைத்து "நவீன வசதி" என்று சொல்லும்போது, முதலாவதற்காக நாம் தலையாட்டுவது இரண்டாவதற்கும் சம்மதமாக ஆகிவிடுகிறது. என் முகம் எத்தனை நாள் அங்கே இருக்கும், யார் பார்க்கலாம், வேறு துறைக்குப் போகுமா என்ற கேள்விகளை நாம் கேட்பதே இல்லை. பெருமாளைப் பார்க்கப் போகிறவன் கணக்கு வழக்கா பார்ப்பான்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த ஜனவரி இரவில் கூட்டம் சேர்ந்ததைப் பார்க்க ஆளில்லாமல் இல்லை. எல்லோரும் பார்த்தார்கள். பார்த்ததை வைத்து உடனே முடிவெடுக்கும் பொறுப்பு யாருடையது என்பதுதான் கேள்வி. இயந்திரம் சிவப்பு விளக்கைக் காட்டும். விளக்கைப் பார்த்து எழுந்து ஓடவேண்டிய மனிதர் யார் என்று எழுதி வைக்காவிட்டால், எத்தனை கேமரா இருந்தும் பயனில்லை.

அடுத்துச் சொல்லப்போவது நமக்கு வலிக்கும் விஷயம். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள் 20 பேர் இறந்தார்கள். கல்லாலும் அரிவாளாலும் தாக்கியதால் சுட்டோம் என்றது காவல் துறை. உடன் வந்தவர்களைப் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சாட்சியம் அளித்தார்கள். அந்த வழக்கைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது என் நோக்கமன்று. காட்டைக் காக்க வேண்டியது அரசின் கடமை, செம்மரம் இந்த மண்ணின் சொத்து. ஆனால் அந்த நாட்களில் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து திருப்பதிக்கு வந்த இளைஞர்களை எப்படிப் பார்த்தார்கள் என்பது இங்கே வாழ்ந்த நமக்குத் தெரியும்.

அதை இங்கே நினைவுபடுத்தக் காரணம் இருக்கிறது. இந்த இயந்திரங்கள் தாமாக எதையும் அறிவதில்லை. பழைய பதிவேடுகளைக் கொடுத்துத்தான் அவற்றுக்குக் கற்பிக்கிறார்கள். கைதுப் பதிவேட்டைக் கொடுத்தால் அது யார் குற்றம் செய்தார்கள் என்பதைக் கற்றுக்கொள்வதில்லை, யாரைக் கைது செய்தார்கள் என்பதைத்தான் கற்றுக்கொள்கிறது. ஒரு வட்டாரத்து இளைஞர்களை ஒரு காலத்தில் அதிகமாகப் பிடித்திருந்தால், அந்த வட்டாரத்து முகவரியும் பேச்சும் உள்ளவன் சந்தேகத்துக்குரியவன் என்று அது முடிவு கட்டும். மனிதர்கள் பத்து ஆண்டில் மறந்துபோகும் சந்தேகத்தை இயந்திரம் மறக்காது. மறக்கச் சொல்லி அதற்குச் சட்டம் போட வேண்டியது நாம்தான்.

இது வெறும் பயமில்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரக் காவல் துறையினர் 2020 ஜனவரியில் ஒரு கறுப்பினத்தவரை அவர் வீட்டு வாசலிலேயே, மனைவி மக்கள் பார்க்கக் கைது செய்தார்கள். கடைத் திருட்டுக் கேமராப் படத்தோடு அவர் முகம் பொருந்துகிறது என்று கணிப்பொறி சொன்னதுதான் காரணம். சுமார் 30 மணி நேரம் காவலில் இருந்தார். திருடியவர் அவர் அல்லர். 2018இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜாய் புவலாம்வினியும், டிம்னிட் கெப்ருவும் ஒரு சோதனை நடத்தினார்கள். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்கள் வெளுத்த நிற ஆண்களிடம் 0.8 சதவீதத்துக்கு மேல் தவறவில்லை. கறுத்த நிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை தவறின. அதன் பிறகு மென்பொருள்கள் தேறியிருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் சோதித்துக் காட்டியதால்தான் தேறின. நம் ஊர் முகங்களில், நம் ஊர் வெயிலில், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகளில் அந்த இயந்திரம் எவ்வளவு தவறுகிறது என்று சோதித்து ஊரறியச் சொல்ல வேண்டாமா?

முகத்தை விட்டுப் பெயருக்கு வருகிறேன். இது எல்லைத் தமிழர்களாகிய நமக்கே உரிய தொல்லை. தெலுங்கு அன்பர்களுக்கு 'இண்டி பேரு' என்னும் குடும்பப் பெயர் உண்டு. நமக்கு அது இல்லை. அப்பா பெயரின் முதலெழுத்தைப் போட்டுக்கொள்கிறோம். படிவத்திலோ குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஒருவர் அதில் முதலெழுத்தை நிரப்புகிறார், இன்னொருவர் அப்பா பெயரை நிரப்புகிறார், மூன்றாமவர் ஊர் பெயரைப் போடுகிறார். பெண்களுக்குத் திருமணமானால் முதலெழுத்தே மாறிவிடுகிறது. ழகரமோ கேட்கவே வேண்டாம். ஆங்கிலத்தில் ஓர் அலுவலகம் 'எல்' போடும், இன்னொன்று 'இசட் ஹெச்' போடும், தெலுங்கில் ளகரமாகிவிடும். தமிழ்ச்செல்வி என்று ஒரு பெண்ணிருந்தால் கணிப்பொறிக்கு நாலு பெண்கள்.

இதில் என்ன பெரிய ஆபத்து என்று கேட்கலாம். பக்கத்து மாநிலமான தெலங்கானாவைப் பாருங்கள். பல துறைகளின் பதிவேடுகளை இணைத்து, பெயரையும் முகவரியையும் ஒப்பிட்டு, யாருக்கு வசதி இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் 'சமக்ர வேதிகா' என்ற கணிப்பொறி ஏற்பாடு 2016 முதல் அங்கே நடைமுறையில் இருக்கிறது. அந்தக் காலத்தில் அம்மாநிலத்தில் சுமார் 19 லட்சம் குடும்ப அட்டைகள் ரத்தாயின. எல்லாம் இந்த ஏற்பாட்டால் என்று சொல்ல முடியாது. ஆனால் இதற்கும் அதில் பங்குண்டு. ரிக்ஷா இழுத்துப் பிழைத்த ஒருவர் பெயரில் கார் இருப்பதாக அந்த ஏற்பாடு காட்டியதால் அந்தக் குடும்பத்துக்கு அரிசி நின்றதைப் பத்திரிகையாளர்கள் 2024இல் விசாரித்து எழுதினார்கள். கார் வேறொருவருடையது. பெயர்தான் ஏறக்குறைய ஒன்று! 2022 ஏப்ரலில், ரத்தான அட்டைகளை நேரில் விசாரித்து மறுபடியும் சரிபார்க்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தகுதியிருந்தும் அட்டை இழந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தது அதன் பிறகு தெரியவந்தது. அதுவரை அவர்கள் வீட்டில் யார் உலை வைத்தார்கள்?

பெயர் ஒன்றுபோல் இருந்ததற்கே இந்தப் பாடு. ஒரே பெயர் நாலு விதமாக இருக்கும் நம் கதி என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

பணக்கார நாடுகளும் இதில் தப்பவில்லை. நெதர்லாந்தில் குழந்தை வளர்ப்பு உதவித் தொகையில் மோசடி செய்பவர்களைக் கண்டுபிடிக்க வரித் துறை ஒரு கணிப்பொறி முறையை வைத்தது. வேறு நாட்டுக் குடியுரிமை இருப்பதும் அதில் சந்தேக அடையாளங்களில் ஒன்று. ஆயிரக்கணக்கான பெற்றோர்கள், பெரும்பாலும் குடியேறிகள், பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்டுக் கடனில் மூழ்கினார்கள். 2021 ஜனவரியில் அந்த நாட்டு அமைச்சரவையே பதவி விலகியது. பிரிட்டனில் அஞ்சல் துறைக் கணக்குக் கணிப்பொறி காட்டிய பொய்ப் பற்றாக்குறையை நம்பி, 1999 முதல் 2015 வரை 900 பேருக்கும் மேற்பட்ட சிற்றஞ்சலக நடத்துநர்கள் தண்டிக்கப்பட்டார்கள். இந்திய வம்சாவளியினரும் அவர்களில் உண்டு. அது செயற்கை நுண்ணறிவுகூட அன்று, வெறும் கணக்கு மென்பொருள். "கணிப்பொறி தவறாது" என்ற நம்பிக்கைதான் அங்கே குற்றவாளி.

"மனிதன் மட்டும் யோக்கியனா? லஞ்சம் வாங்குபவனும் சாதி பார்ப்பவனும் மனிதன்தானே, இயந்திரம் அப்படியில்லையே" என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். நியாயமான வாதம். ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. ஒரு குமாஸ்தா தவறு செய்தால் அவர் மேசைக்கு வந்தவர்களுக்குத்தான் கேடு. இயந்திரம் தவறினால் ஒரே இரவில் மாநிலம் முழுவதும் கேடு. குமாஸ்தாவுக்குப் பெயர் உண்டு, மேலதிகாரி உண்டு, 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி அவர் எழுதிய குறிப்பை நாம் கேட்டு வாங்கலாம். இயந்திரத்தின் முடிவுக்குக் குறிப்பும் இல்லை, கையெழுத்தும் இல்லை. மனிதனை எடுத்துவிட்டால் லஞ்சம் போகும், சரி. அதோடு பொறுப்பும் போய்விடுகிறதே!

சட்டம் என்ன சொல்கிறது? ஐரோப்பாவில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு மனிதரைப் பெரிதாகப் பாதிக்கும் முடிவை இயந்திரம் மட்டுமே எடுப்பதற்குக் கட்டுப்பாடு விதித்தது. சில விலக்குகள் தவிர, மனிதத் தலையீட்டைக் கேட்க அங்கே உரிமை உண்டு. அடுத்து வந்த செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்டு 1 அன்று அமலுக்கு வந்தது. பொது இடங்களில் காவல் துறை உடனுக்குடன் முகம் அறிவதைச் சில விலக்குகளோடு 2025 பிப்ரவரி 2 முதல் அது தடை செய்கிறது. நம் நாட்டில் 2017 ஆகஸ்டு 24 அன்று, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். 2023இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் அதன் விதிகள் வந்தன, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. நம்மைப் பற்றிய விவரத்தைப் பார்க்கவும் திருத்தவும் முறையிடவும் அதில் வழி உண்டு. ஆனால் அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. "இயந்திரம் ஏன் இப்படி முடிவு செய்தது" என்று காரணம் கேட்கும் உரிமை அதில் இல்லை. தமிழ்நாடு அரசு 2020இலேயே பாதுகாப்பான, நெறியான செயற்கை நுண்ணறிவுக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, பொதுமக்களிடம் கொண்டுபோகுமுன் ஒவ்வோர் ஏற்பாட்டையும் மதிப்பெண் போட்டு அளக்கச் சொன்னது. நல்ல தொடக்கம், ஆனால் கொள்கைதானே தவிரச் சட்டமன்று.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை நான்கு என்பது என் கருத்து.

ஒன்று, எந்த இடத்தில் இயந்திரம் முடிவு சொல்கிறதோ அந்த இடத்தில் அதைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும், நமக்குப் புரியும் மொழியில். திருமலையில் வரிசைக்கும் பிரசாதத்துக்கும் தமிழில் பலகை வைக்கிற தேவஸ்தானத்துக்கு இது பெரிய காரியமன்று. இரண்டு, எடுக்கும் முகப்பதிவு எத்தனை நாளில் அழிக்கப்படும், யாருக்குக் கொடுக்கப்படும் என்று சொல்ல வேண்டும். மூன்று, அரிசியையோ ஓய்வூதியத்தையோ நிறுத்துமுன் காரணத்தை எழுதி அனுப்பி, ஒரு மனிதர் நேரில் விசாரிக்க வேண்டும். இப்போதோ நிறுத்திவிட்டுப் பிறகு விசாரிக்கிறார்கள். நான்கு, "இந்த முடிவுக்கு நான் பொறுப்பு" என்று கையெழுத்திடும் அதிகாரியின் பெயர் வெளியே தெரிய வேண்டும்.

இவற்றில் எதுவும் விஞ்ஞானத்துக்கு விரோதமில்லை. ரயில் வந்தபோது சமிக்ஞை விளக்கு வந்தது, மோட்டார் வந்தபோது ஓட்டுநர் உரிமம் வந்தது. யாரும் அவற்றை முன்னேற்றத்துக்குத் தடை என்று சொல்லவில்லை.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். இந்த நான்கு கேள்விகளையும் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி, தேவஸ்தானத்துக்கும் சித்தூர், திருப்பதி மாவட்ட ஆட்சியர்களுக்கும் அனுப்பலாம். சண்டையாக வேண்டாம், விண்ணப்பமாகவே அனுப்பலாம். தெலுங்கு அன்பர்களையும் கையெழுத்திடச் சொல்லலாம், இது அவர்களுக்கும் உள்ள கவலைதான். அதோடு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு எழுத்தும் தெரிந்த நாலு பேர் சங்கக் கட்டடத்தில் உட்கார்ந்து, நம் முதியவர்களின் அட்டைகளில் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துத் திருத்த மனு எழுதிக் கொடுக்கலாம். முதல் ஞாயிறு நான் வருகிறேன்.

அன்று எங்கள் தெரு அம்மாளுக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம். எழுந்து வர ஒருவர் உள்ளே இருந்தார். அவர் இருப்பதும் இல்லாததும் அதிர்ஷ்டமாக இருக்கக் கூடாது, சட்டமாக இருக்க வேண்டும்.